பெரியவரின் தொட்டி

விதி இதுதான்: “தோட்டத்தின் எல்லைக்குள் ஒரு வாரத்துக்கு மேல் தேங்கி நிற்கும் நீர் எதுவாயினும் அதை வடித்துவிட வேண்டும், வடிக்க இயலாதபோது வாரம் ஒருமுறை அதன்மேல் எண்ணெய் தெளிக்க வேண்டும்.”

கொசுவுக்காக ஏற்பட்ட விதி. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த காலம். ஆங்கிலத்தில் வந்த அந்தச் சுற்றறிக்கையைத் தமிழாக்கி, விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் கொட்டகையில் ஒட்டியவன் நான். “ஒரு வாரத்துக்கு மேல்” என்ற சொற்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரியாதவன்போல் நடந்துகொள்ளப் போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில், தாப்பாவிலிருந்து மாட்டு வண்டியில் அரைநாள் போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆபீசில் கணக்கெழுதும் இரண்டாவது கிராணி நான். ஈப்போவில் ஆங்கிலப் பள்ளி முடித்தவன். மேசை, நாற்காலி, மூன்று இழுப்பறை, ஒரு சுவர்க் கடிகாரம், சட்டைப் பையில் இன்னொரு கடிகாரம். தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை நான் நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். என் அதிகாரம் முழுவதும் அந்தப் பழக்கத்தின்மேல்தான் கட்டப்பட்டிருந்தது.

நான் சொல்ல வந்தவர் புகைவீட்டுக்காரர். மாதம் தவறாமல் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதியவன் நான். இங்கே எழுதப் போவதில்லை. தோட்டத்திலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அழுத்தி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, நாட்கணக்கில் புகை காட்டுவது அவர் வேலை. தீ கூடினால் தகடு கொப்பளிக்கும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். முப்பத்தைந்து வயதிருக்கும். உயரமும் இல்லை, குட்டையும் இல்லை. அருகில் நின்றால் கருவாட்டு வாசனை. அவரைப் பற்றி வேறு என்ன சொல்ல என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றிருப்பேன். அது பொய்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்ப்பார். தகட்டை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், அதன் நடுவில் நிற்கும் ஒரு காற்றுக் குமிழை விட்டு அவர் கண் அகலாது. பெரிய கங்காணி வந்து நின்று செருமினாலும் திரும்ப மாட்டார். திமிர் என்று சிலர் சொன்னார்கள். திமிர் இல்லை. திமிர் பிடித்தவன் ஓரக்கண்ணால் பார்ப்பான். இவருக்கு ஓரக்கண்ணே கிடையாது.

புகைவீட்டுக்குப் பின்னால் பழைய பால் தொட்டி ஒன்று இருந்தது. சிமெண்டில் கட்டி, ஒரு பக்கம் விரிசல் விட்டதால் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதில் ஓர் ஆமை. சோற்றுத் தட்டை விடப் பெரியது, முறத்தை விடச் சிறியது. ஓடு தேய்ந்து, ஆற்றுக் கல்போல் வழவழப்பாக இருக்கும். ஓட்டின் விளிம்பில் யாரோ எப்போதோ துளையிட்டு ஒரு செம்புக் கம்பி வளையம் மாட்டியிருந்தார்கள். தோட்டம் வருவதற்கு முன் அங்கே ஈயம் அரித்த சீனர்களுடைய குட்டையிலிருந்து வந்தது என்றார்கள். எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது.

“வயசு எப்படித் தெரியும்?” என்று ஒருமுறை புகைவீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“மூஞ்சியப் பாருங்க ஐயா,” என்றார்.

பார்த்தேன். ஆமையின் முகமாகத்தான் இருந்தது.

அவர் அதைப் பெரியவர் என்றுதான் அழைப்பார். துரையைத் துரை என்றும், என்னை ஐயா என்றும், ஆமையைப் பெரியவரே என்றும். இந்த மூன்றில் உண்மையான மரியாதை எதில் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஆங்கிலப் பள்ளிப் படிப்பு தேவையில்லை.

பெரியவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. இன்னொரு கண் அடிக்கடி வீங்கி மூடிக்கொள்ளும். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து, இமையோரம் ஒற்றி ஒற்றி எடுப்பார். அலகு வளர்ந்து கீழே வளைந்துவிட்டால் அதனால் எதையும் கடிக்க முடியாது. பால் வெட்டும் கத்தியைத் தீட்டுகிற கல்லால் மாதம் ஒருமுறை தேய்த்துவிடுவார். பப்பாளியை நகக்கண் அளவுக்கு நறுக்குவார். நெத்திலியை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுக் கொடுப்பார். மழைக் காலத்தில் கோணிச் சாக்கில் படுக்கவைத்து, புகைவீட்டின் வெளிச்சுவரில் சூடு தாங்கும் இடமாகப் பார்த்து ஒதுக்குவார். தினமும் காலையில் தொட்டியை முழுக்க வடித்து, தேங்காய் நாரால் தேய்த்து, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு தகர டின்களைத் தொங்கவிட்டு ஓடையிலிருந்து நாலு நடை தண்ணீர் கொண்டு வந்து நிரப்புவார். தினமும். வாசகர் இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மறந்துவிடுவதாக இருக்கிறேன்.

ஒருநாள் துரையோடு நானும் புகைவீட்டைப் பார்வையிடப் போனேன். புகைவீட்டுக்காரர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பெரியவரின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சங்கதி?” என்றார் துரை. அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அது.

“கொஞ்சம் இருங்க தொரே. இப்பத்தான் கண்ணைத் தொறக்குறாரு.”

துரை இருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில், ஓர் ஆமை கண் திறப்பதற்காக நின்றார். திறந்தபின் “குட், குட்” என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் ஆரம்பிக்கும் வாக்கியம் ஒன்றை அந்த மனிதர் முடியும்வரை கேட்டதில்லை.

அந்த ஆண்டுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள். கூடவே அவள் அம்மா வீட்டுச் சீராக ஒரு பித்தளை அண்டாவும் வந்தது. மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய சொற்களை எண்ணிவிடலாம். சரி, இல்லை, போட்டுக்கங்க, போதுமா. கூச்சம் என்று நினைத்தேன். ஒருநாள் மாலை சோறு போட்டுக்கொண்டே திடீரென்று சொன்னாள்:

“இன்னிக்கு ரெண்டு துண்டு பப்பாளி சாப்ட்டாரு. மூணாவதத் துப்பிட்டாரு.”

“யாரு?”

“பெரியவரு. துப்பிட்டு மொறைக்கிறாருங்க! பொகவீட்டு அண்ணன் சொல்றாரு, அது பழுத்தது பத்தாதாம். நாக்கு அவ்ளோ நீளம்னாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. என் வீட்டில், என் தட்டுக்கு முன்னால், வேறொருவருக்கு விழுந்த சிரிப்பு.

பப்பாளித் தோல் போடப் போனவள் பழக்கமாகிவிட்டாள். அவள் அவரை அண்ணே என்றாள். முதலில் கிராணியம்மா என்றவர் பத்து நாளில் தங்கச்சி என்று மாறியிருந்தார். எந்த உத்தரவின் பேரில் என்று தெரியவில்லை. தவறாக ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தவறாக ஏதாவது இருந்திருந்தால் அதற்கு நடைமுறை உண்டு. ஒருவர் சொல்வதை இன்னொருவர் முழுதாகக் கேட்பதற்கு எதிராக எந்த நடைமுறையும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஒரு பப்பாளித் துண்டை எடுத்துப் பெரியவர் முன்னால் நீட்டினேன். தலை உள்ளே போய்விட்டது. பொறுத்தேன். வரவில்லை. நான் கையை எடுத்ததும் புகைவீட்டுக்காரர் அதே துண்டை அதே இடத்தில் நீட்டினார். தலை வந்தது, கழுத்து வந்தது, வாய் திறந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“என்கிட்ட மட்டும் ஏன் இப்படி?” என்றேன், விளையாட்டாகக் கேட்பதுபோல்.

“நீங்க நடுவுல பையிலேருந்து கடியாரத்த எடுத்துப் பாத்தீங்க ஐயா,” என்றார். “அவருக்கு அது தெரிஞ்சிரும்.”

நான் பார்த்ததே எனக்கு நினைவில்லை. அவர் பார்த்திருக்கிறார். என் மனைவியும் பார்த்திருக்கிறாள், தலையை ஆட்டினாள். ஓர் ஆமையின் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலமானது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் கிடைத்தது எனக்கு அதுவரை யாரிடமும் கிடைத்ததில்லை. என் அப்பா எனக்கு எழுதும் கடிதத்தில்கூட இன்னாரிடம் இன்னதைச் சொல் என்றுதான் இருக்கும்.

மழைக்கு முன்னால் காய்ச்சல் மறுபடி ஏறியது. பெரிய கங்காணி ஆபீசுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

“லயத்துல பொம்பளைங்க பேசிக்கிறாங்க ஐயா. ஆமை இருக்குற எடம் வெளங்காதாம். போன வாரம் ரெண்டு பேரு போயிட்டாங்க.”

“ஆமையால் காய்ச்சல் வராது. கொசுவால் வரும்,” என்றேன். படித்தவனாக, கறாராக.

அவர் போன பிறகு அந்த வாக்கியம் மேசைமேல் கிடந்தது. கொசுவால் வரும். கொசு தேங்கிய நீரால் வரும். அன்று நான் தயாரிக்க வேண்டிய பட்டியல் ஒன்று இருந்தது: வடிக்க இயலாத தேங்கு நீர் இருக்கும் இடங்கள். ஆறு இடம் எழுதி முடித்திருந்தேன். சதுப்பு ஒன்று, பழைய ஈயக் குட்டைகள், பாலத்தடி. ஏழாவதாகப் புகைவீட்டுத் தொட்டியை எழுதினேன்.

துரை சீமைக்கு லீவில் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அவருக்குப் பதில் வந்த சின்னத்துரை, விதியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கும் வகை. ஏழாவது வரியையும் சேர்த்துப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். பட்டியலின் நகல் பெரட்டுக் கொட்டகையில் ஒட்டப்பட்டது. திங்கட்கிழமை எண்ணெய் தெளிக்கும் ஆள் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு புகைவீட்டுக்குப் போனான்.

புகைவீட்டுக்காரர் ஆளைத் தடுக்கவில்லை. ஆமையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, தொட்டியை வடித்துவிட்டு, “இப்ப எதுல அடிக்கிற?” என்று கேட்டாராம். பிறகு நேரே ஆபீசுக்கு வந்தார். ஆமையோடு. அவர் சட்டை நனைந்து சொட்டியது.

“தொட்டியில தண்ணி வச்சா எண்ணெய் அடிப்பாங்களாம் ஐயா. அடிச்சா இவரு மூச்சு விட மாட்டாரு. ஒரு மனு எழுதித் தரணும்.”

“ஆற்றில் விட்டுவிடலாமே? ஈப்போ பக்கம் மலைக்குகைக் கோயிலில் குளம் இருக்கிறதாம். சீனர்கள் விடுகிறார்கள்.”

“வெறகு வண்டிச் சீன மொதலாளி, தவுக்கேயும் அதான் சொன்னாரு. ஆனா மாசா மாசம் அலகு தேய்க்க அங்க யாரு இருக்கா? ஒரு கண்ணு தெரியாது. மத்த ஆமைங்க தின்னுட்டுப் போன பொறவுதான் இவருக்குச் சாப்பாடு வந்திருக்கறதே தெரியும்.” ஆமையின் நெற்றியை ஒரு விரலால் தடவினார். “சின்னத்தொரகிட்ட நானே கேட்டுப் பாக்கட்டுமா?”

“வாய்ப்பேச்சு செல்லாது,” என்றேன். “எழுத்தில், சரியான வழியாகப் போக வேண்டும். பதில் வரும்வரை விதிதான் நடக்கும்.”

முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது நான் அந்த நிமிஷம் உண்டாக்கியது. அவர் தலையாட்டினார். நான் மனு எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய நல்ல மனுக்களில் ஒன்று. தினமும் நீர் மாற்றப்படுவதைக்கூட எழுதினேன். அவர் கட்டைவிரல் ரேகை வைத்தார். அவர் போனபின் படித்துப் பார்த்தேன். ரேகைக்குச் சாட்சிக் கையெழுத்து இல்லை. குறையுள்ள மனு. இழுப்பறையில் வைத்தேன். மூன்று வாரம் அது அங்கே இருந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் குளியலறையில் தண்ணீர் அலம்பும் சத்தம். என் மனைவியின் சீர் அண்டாவில் பெரியவர் இருந்தார்.

“காலையில ரொப்பி சாயந்தரம் கொட்டிடுறேன்,” என்றாள். “அது தேங்குற தண்ணி இல்லியே?”

விதியை அவள் என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள், பள்ளிக்கூடம் போகாமல்.

ஆக, பட்டியலில் ஏழாவது வரி எழுதி நான் சாதித்தது இது. ஆமை என் வீட்டுக்குள் வந்துவிட்டது. காலையிலும் மாலையிலும் புகைவீட்டுக்காரரும் என் வீட்டுக்கு வந்தார். பின்வாசலில் செருப்பை விட்டுவிட்டு, “தங்கச்சி, பெரியவரு என்ன சொல்றாரு?” என்று கேட்டுக்கொண்டு வருவார். “தூக்கம் பத்தலியாம் அண்ணே. ஒங்க மச்சான் கொறட்டையாம்,” என்பாள் இவள். நான் வாளியோடு வெளியே நின்று, என் குளியலறை காலியாவதற்காகக் காத்திருப்பேன்.

ஒருநாள் காலை அவர் வரத் தாமதமாயிற்று. புகைவீட்டில் ஈர விறகு. மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் பல் தேய்க்கப் போனவன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன். பெரியவர் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். தலையை இழுக்கவில்லை. நான் அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கடிகாரம் சட்டையோடு ஆணியில் தொங்கியது. அன்று ஆபீசுக்குப் போனதும் மனுவை எடுத்துச் சாட்சியாக என் கையெழுத்தையே போட்டு, சின்னத்துரையின் தபாலில் சேர்த்தேன். அவர் அதை மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு அனுப்பினார்.

இதை நற்செயல் என்று நான் கணக்கில் வைப்பதில்லை. மூன்று வாரம் முன்னால் செய்திருக்க வேண்டியது.

மழை பிடித்துக்கொண்டது. பித்தளை குளிரைக் கூட்டியது. புகைவீட்டுச் சுவரின் சூடு என் குளியலறையில் இல்லை. பெரியவர் பப்பாளியைத் துப்பவும் இல்லை, தின்னவும் இல்லை. புகைவீட்டுக்காரர் அதைச் சாக்கில் சுற்றி, அண்டாவோடு புகைவீட்டுக்குத் தூக்கிப் போனார். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது இறந்தது. என் மனைவி எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடினாள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் இல்லை. அவள் அழுத அழுகையை நான் இறந்தால் அழுவாளா என்று யோசித்துக்கொண்டு அப்பளத்தோடு சோறு சாப்பிட்டேன்.

மறுவாரம் அவர் அண்டாவைத் திருப்பிக் கொண்டு வந்தார். புளி போட்டுத் தேய்த்து, முகம் தெரியும்படி இருந்தது. மனைவி உள்ளே இருந்தாள். வாசலில் நாங்கள் இருவரும்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை,” என்றேன்.

“வரும் ஐயா. நல்லா எழுதியிருப்பீங்க. ரெண்டையும் நீங்கதானே எழுதுனீங்க.”

“இரண்டா?”

“கொட்டாயில ஒட்டுன பட்டியல். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா பாத்தேன். ஆறு வரி நிதானமா, ஒரே சீரா இருந்துச்சு. ஏழாவது வரி மட்டும் அவசரமா எழுதியிருந்தீங்க. பேனாவ அழுத்தி. கை தாள்ல பட்டு மை இழுத்திருந்துச்சு.” குரலில் கோபம் இல்லை. தகட்டில் உள்ள குமிழைச் சொல்வதுபோல் சொன்னார். “அப்பவே தெரியும்.”

“தெரிந்துமா என்னிடம் மனு எழுத வந்தீர்கள்?”

“வேற யாருக்கு இவ்ளோ நல்லா எழுத வரும்?”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பவில்லை, இமைக்கவில்லை. வீங்கிய கண்ணைத் திறக்கக் காத்திருக்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. எத்தனை மாதம் எதன்மேல் பொறாமைப்பட்டேனோ அது முழுதாக என்மேல் விழுந்தது. என்னால் தாங்க முடியவில்லை. தலையை இழுத்துக்கொள்ள எனக்கு ஓடு இல்லை.

“என்ன அண்ணே, ரெண்டு மனுவா?” என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்தாள்.

“ஒண்ணுமில்ல தங்கச்சி. ஐயாகிட்ட நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன். வாரேன்.”

அவள் அண்டாவைப் பார்த்தாள், அவர் போவதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து என்னிடம் மறுபடி அந்த நாலு சொற்கள்தான். சரி, இல்லை, போட்டுக்கங்க, போதுமா.

அவர் மாத முடிவில் சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டு போனார். விடுவிப்புச் சீட்டு நான்தான் எழுதினேன். நிதானமாக, ஒரே சீராக எழுதினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

பெரியவர் இறந்து இரண்டு மாதம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது, ஒரு பத்தி. தினமும் மாற்றப்படும் நீர் தேங்கு நீர் ஆகாது, ஆகவே இத்தொட்டிக்கு விதி பொருந்தாது, அனுமதியும் தேவையில்லை, பட்டியலைத் தயாரித்தவர் விதியை ஒருமுறை படித்துவிட்டுத் தயாரிப்பது நலம். அதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, கோப்பில் தைத்தேன். மதியம் வீட்டுக்குப் போனேன். குளியலறையில் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் இன்னமும் காலையில் நிரப்பி, மாலையில் கொட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கடிதம் வந்ததையும் சொல்லவில்லை.

கடிதம் வந்து சேர்ந்தது பொங்கல் கழித்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை.